கிளாஸ்டன்பரி இசை விழாவுக்கு வெளிநாட்டிலிருந்து போவது எப்படி: முழுமையான வழிகாட்டி

இங்கிலாந்தின் சோமர்செட் மாவட்டத்தில், பில்டன் கிராமத்துப் பண்ணை நிலத்தில் ஜூன் கடைசி வாரம் நடக்கும் விழா இது. புதன் முதல் ஞாயிறு வரை 5 நாள். சுமார் 2 லட்சம் பேர் அங்கேயே கூடாரம் அடித்துத் தங்குகிறார்கள். நான் இரண்டு முறை போயிருக்கிறேன். அதன்பிறகு உறவினர், நண்பர் என்று பலருக்குத் திட்டம் போட்டுக் கொடுத்திருக்கிறேன். தடுமாறுகிறவர்கள் ஏறக்குறைய எல்லோருமே வரிசையில்தான் தப்பு செய்கிறார்கள். விமான டிக்கெட்டைப் பார்க்கத் தொடங்கி, விசாவை யோசித்து, விழா டிக்கெட்டுக்கு வரும்போது எல்லாம் முடிந்திருக்கும். அதனால் கீழே உள்ள வரிசையை மாற்ற வேண்டாம்.

ஒன்றை முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். 2026-ல் விழா கிடையாது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புல் வளரவும் மண் தேறவும் நிலத்துக்கு ஓய்வு கொடுப்பார்கள். 2026 அப்படிப்பட்ட ஆண்டு. திட்டமிடுகிறவர்கள் அதற்கு அடுத்த விழாவைக் கணக்கில் வையுங்கள்.

1. பதிவு: டிக்கெட்டுக்கு முன்னால் செய்ய வேண்டியது

டிக்கெட் விற்கும் நாளில் கையில் பணம் இருந்தால் மட்டும் போதாது. போகிற ஒவ்வொருவரும் விழாவின் இணையதளத்தில் முன்கூட்டியே தன் படத்தைக் கொடுத்துப் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு இலவசம். டிக்கெட்டில் உங்கள் படம் அச்சாகும். அதை வேறு யாருக்கும் மாற்றிக் கொடுக்க முடியாது. கள்ளச் சந்தையை ஒழிக்கத்தான் இந்த ஏற்பாடு. யாராவது தன் டிக்கெட்டை விற்கிறேன் என்று வந்தால் பேச்சையே வளர்க்காதீர்கள். அதை வைத்து வாசலைத் தாண்ட முடியாது.

விற்பனைக்குச் சில நாள் முன்பு பதிவை மூடிவிடுவார்கள். படம் சரியில்லை என்று திருப்பி அனுப்பினால் மறுபடி கொடுக்க அவகாசம் வேண்டும். அதனால் செப்டம்பரிலேயே முடித்துவிடுங்கள். பாஸ்போர்ட் படம் போல வெளிர் பின்னணியில், கண்ணாடி, தொப்பி இல்லாமல் எடுத்தால் சிக்கல் வராது.

பதிவு முடிந்ததும் ஓர் எண் வரும். அந்த எண்ணும், பதிவில் கொடுத்த அஞ்சல் குறியீடும் சேர்ந்துதான் சாவி. வெளிநாட்டில் இருப்பவர்கள் குறியீட்டில் இடைவெளி விட்டிருக்கலாம், விடாமலும் எழுதியிருக்கலாம். எப்படிக் கொடுத்தீர்களோ அப்படியே எழுதி வையுங்கள். பழைய பதிவு இருந்தால் அது இன்னும் செல்லுமா என்று இணையதளத்தில் சரிபாருங்கள்.

2. டிக்கெட் நாள்

விழாவுக்கு முந்தைய நவம்பரில் விற்பது வழக்கம். இரண்டு விற்பனை உண்டு. பேருந்துப் பயணத்தோடு சேர்ந்த டிக்கெட் வியாழக்கிழமை மாலை 6 மணிக்கு. சாதா டிக்கெட் ஞாயிறு காலை 9 மணிக்கு. இரண்டும் இங்கிலாந்து நேரம். இந்தியாவிலும் இலங்கையிலும் அது வியாழன் இரவு 11.30, ஞாயிறு பிற்பகல் 2.30. சிங்கப்பூர், மலேசியாவில் வெள்ளி அதிகாலை 2 மணி, ஞாயிறு மாலை 5 மணி. நவம்பரில் இங்கிலாந்தின் கடிகாரம் குளிர்கால நேரத்துக்கு மாறியிருக்கும். கோடைக்கால வித்தியாசத்தை வைத்துக் கணக்குப் போட்டு ஒரு மணி நேரம் தவறவிட்டவர்கள் உண்டு.

வெளிநாட்டிலிருந்து போகிறவர்களுக்கு நான் பேருந்து டிக்கெட்டையே முதலில் முயலச் சொல்வேன். வியாழன் கிடைக்காவிட்டால் ஞாயிறு இன்னொரு வாய்ப்பு இருக்கிறது. பேருந்து நேரே விழா வாசலில் இறக்கிவிடும். பயணக் கவலையில் பாதி அங்கேயே தீர்ந்தது. அது கிளம்பும் ஊரை மட்டும் யோசித்துத் தேர்ந்தெடுங்கள்.

உட்காரும் முன் தயாராக இருக்க வேண்டியவை: கூட வருகிற எல்லோருடைய பதிவு எண், அஞ்சல் குறியீடு (ஒரே முறையில் 6 பேர் வரை எடுக்கலாம்), வெளிநாட்டுப் பரிவர்த்தனைக்குத் திறந்து வைத்த கார்டு, ஓடிபி வரும் போன். இந்தியக் கார்டுகளில் வெளிநாட்டு இணையப் பரிவர்த்தனை பெரும்பாலும் அணைந்தே இருக்கும். வங்கிச் செயலியில் நாம்தான் திறக்க வேண்டும். முந்தின நாளே திறந்து, வரம்பையும் கூட்டிவிடுங்கள்.

2025 விழாவுக்கு டிக்கெட் விலை 373.50 பவுண்டு, அதோடு 5 பவுண்டு டிக்கெட் முன்பதிவுக் கட்டணம். நவம்பரில் முன்பணமாக ஆளுக்கு 75 பவுண்டு கட்டினால் போதுமாக இருந்தது. ஞாயிறு விற்பனை சுமார் 35 நிமிடத்தில் முடிந்துபோனது.

அந்த விற்பனையிலிருந்து முறையையும் மாற்றினார்கள். நேரத்துக்கு முன்பே பக்கத்தைத் திறந்து வைத்திருப்பவர்களுக்கு 9 மணியானதும் குலுக்கல் போல வரிசையில் ஓர் இடம் கிடைக்கும். அதன்பிறகு பக்கத்தைத் தொடவே கூடாது. பழைய முறையில் பக்கத்தை மறுபடி மறுபடி புதுப்பிப்பதுதான் உத்தி. அந்தப் பழக்கம் இப்போது கெடுதல். என் சித்தப்பா பையன் வரிசையில் பாதி தாண்டியிருந்தான். திரையில் வரிசையைக் காட்டும் கோடு நகரவில்லையே என்று பதறிப் புதுப்பித்துவிட்டு, "அண்ணா, பக்கம் போயிடுச்சு" என்று போன் செய்தான். மறுபடி கடைசியிலிருந்துதான் நிற்க வேண்டியிருந்தது. ஒரு வீட்டு இணைப்பில் ஒரு கருவி, ஒரு பக்கம். மற்றவர்கள் அவரவர் வீட்டிலிருந்து முயலட்டும். யாருக்கு முதலில் திறக்கிறதோ அவர் 6 பேருக்கும் எடுக்கட்டும்.

எண்களைத் தட்டச்சு செய்யாதீர்கள். ஒரு கோப்பில் எழுதி வைத்து வெட்டி ஒட்டுங்கள். உள்ளே போனதும் நேரக் கெடு ஓடும். ஓர் எண் தப்பானாலும் 6 பேருடைய டிக்கெட்டும் நின்றுபோகும்.

கிடைக்கவில்லையா? ஏப்ரலில் மறுவிற்பனை இருக்கிறது. முழுப் பணத்தையும் அப்போதே கட்ட வேண்டும், டிக்கெட்டும் கொஞ்சம்தான் இருக்கும். ஆனாலும் கிடைத்தவர்களை எனக்குத் தெரியும்.

இன்னொன்று: யார் யார் பாடுகிறார்கள் என்ற பட்டியல் பெரும்பாலும் டிக்கெட் விற்றுத் தீர்ந்தபிறகுதான் வரும். ஒரு குறிப்பிட்ட கலைஞருக்காக மட்டும் போகிறவர்கள் இதை யோசித்து முடிவெடுங்கள்.

3. மீதிப் பணமும் விசாவும்: நாட்காட்டியில் நெருக்கமான இடம்

நான் மிகவும் கவனமாகச் செய்யச் சொல்லும் பகுதி இதுதான்.

இந்திய, இலங்கை பாஸ்போர்ட் உள்ளவர்களுக்கு இங்கிலாந்தின் வருகையாளர் விசா வேண்டும். சிங்கப்பூர், மலேசிய பாஸ்போர்ட்டுக்கு விசா வேண்டாம். ஆனால் ஈடிஏ என்ற மின்னணுப் பயண அனுமதியை முன்கூட்டியே வாங்க வேண்டும். கட்டணங்கள் அடிக்கடி மாறுவதால் இங்கிலாந்து அரசின் தளத்திலேயே பாருங்கள்.

விசாவுக்குப் பயணத் தேதிக்கு 3 மாதத்துக்கு முன்பிருந்துதான் விண்ணப்பிக்க முடியும். ஜூன் 20 வாக்கில் கிளம்புவதானால் மார்ச் 20-க்கு மேல்தான். கைரேகை கொடுத்ததிலிருந்து வழக்கமாக 3 வாரத்தில் முடிவு வரும். விழாவின் மீதிப் பணத்தை ஏப்ரல் முதல் வாரத்தில் கட்ட வேண்டும். ஆக, விசா கையில் வருவதற்கு முன்பே பணம் கட்ட வேண்டியிருக்கும். பயப்பட வேண்டாம். டிக்கெட்டை ரத்து செய்து, பிடித்தம் போகப் பணத்தைத் திரும்பப் பெற ஒரு கடைசித் தேதி இருக்கும். டிக்கெட் விதிமுறையில் அதைத் தேடி எழுதி வையுங்கள். விசா முடிவு அந்தத் தேதிக்கு முன்னால் வரவேண்டும் என்பதுதான் இலக்கு. அதனால் விண்ணப்பம் திறக்கும் அன்றே போடுங்கள். அடுத்த வாரம் பார்க்கலாம் என்று இருந்தால், கைரேகைக்கு நேரம் கிடைக்காமல் இன்னும் 10 நாள் தள்ளிப்போகும். பள்ளி விடுமுறைக் காலம் நெருங்குவதால் அங்கே கூட்டம் அதிகம்.

விண்ணப்பத்தில் விழா டிக்கெட் உறுதிச் சீட்டை இணைத்து, பயணத்தை நாள்வாரியாக ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். 5 இரவு கூடாரத்தில் தங்குவதை அப்படியே சொல்லுங்கள். அது டிக்கெட்டிலேயே அடங்கியது. தங்குமிடம் இல்லையே என்று பயந்து பொய்யாக ஹோட்டல் பதிவு காட்டுவதுதான் ஆபத்து. வங்கிக் கணக்கில் கடைசி நேரத்தில் பெரிய தொகை வந்து விழுந்தால் அது எங்கிருந்து வந்தது என்பதற்குக் காகிதம் வேண்டும்.

விசா வரும்வரை, திரும்பப் பணம் கிடைக்காத விமான டிக்கெட்டை எடுக்காதீர்கள். மார்ச்சில் விலை குறைவு என்று எடுத்துவிட்டு, விசா தாமதமாகி, எல்லாவற்றையும் இழந்த நண்பரை எனக்குத் தெரியும்.

4. எந்த நாள் இறங்குவது, எப்படிப் போவது

திங்கட்கிழமையாவது இங்கிலாந்தில் இறங்கிவிடுங்கள். புதன் காலை இறங்கி நேரே விழாவுக்குப் போகும் திட்டத்தில், விமானம் தாமதமானாலோ பெட்டி வராவிட்டாலோ கூடாரமே இருக்காது. இடையில் ஒரு நாள் இருந்தால் தூக்கமும் சரியாகும், சாமானும் வாங்கலாம்.

ரயிலில் போகிறவர்கள் லண்டன் பாடிங்டனிலிருந்து காசில் கேரி நிலையத்துக்கு டிக்கெட் எடுக்க வேண்டும். சுமார் 2 மணி நேரப் பயணம். நிலையத்திலிருந்து விழாவுக்கு இலவசப் பேருந்து. புதன்கிழமை ரயில்கள் நிரம்பி வழியும். இருக்கையை முன்பதிவு செய்யுங்கள்.

இங்கிலாந்துக்கு வெளியே முகவரி உள்ளவர்களுக்கு டிக்கெட் தபாலில் வராது. விழா வாசலில் உள்ள டிக்கெட் அலுவலகத்தில் பாஸ்போர்ட் காட்டி வாங்க வேண்டும். பேருந்து டிக்கெட் எடுத்தவர்களுக்குப் பேருந்தில் ஏறியதும் தருவார்கள். உறுதி மின்னஞ்சலை அச்செடுத்துக் கையில் வையுங்கள். போன் அணைந்துபோவது அந்த நாளில்தான் நடக்கும்.

5. மூட்டை

ஒரு விதி: நீங்களே தூக்கிக்கொண்டு ஒரு மணி நேரம் நடக்க முடிய வேண்டும். சக்கரப் பெட்டி புல்லிலும் சேற்றிலும் உருளாது. முதுகில் மாட்டும் பைதான்.

கூடாரம், ஸ்லீப்பிங் பேக், கம்பூட்ஸ் மூன்றையும் இங்கிலாந்தில் வாங்குவது நல்லது. விமானத்தில் எடையும் மிச்சம், அந்த ஊர் மழைக்கும் ஏற்றது. கூடாரத்தில் எத்தனை பேருக்கு என்று எழுதியிருக்கிறதோ அதில் ஒன்றைக் கழித்துக்கொள்ளுங்கள். மூன்று பேர் கூடாரத்தில் இரண்டு பேரும் பைகளும்தான் கொள்ளும்.

பவர் பேங்க்கைக் கைப்பையில் மட்டுமே விமானத்தில் கொண்டுபோகலாம். 100 வாட்-மணி, அதாவது சுமார் 27,000 எம்ஏஎச் வரை அனுமதி. அடுப்பு எரிவாயுக் குப்பியை விமானத்தில் எடுத்தே போக முடியாது.

ஜூன் மாதம் என்றதும் பருத்திச் சட்டையோடு வருகிறவர்கள் இரவில் நடுங்குகிறார்கள். பகலில் வெயில் தோலைக் காய்ச்சும், விடியற்காலையில் 10 டிகிரிக்குக் கீழேயும் இறங்கும். கம்பளி உடை ஒன்று, தலைக்குக் குல்லாய், கனமான காலுறை, நெற்றியில் மாட்டும் டார்ச், காதில் வைக்கும் அடைப்பான், சன் ஸ்கிரீன், டாய்லெட் பேப்பர், மடக்கக்கூடிய தண்ணீர் பாட்டில். வழக்கமாகச் சாப்பிடும் மருந்தை மருத்துவர் சீட்டோடு எடுத்துக்கொள்ளுங்கள். இரவில் தரையின் குளிர்தான் உடம்பில் ஏறும், மேலே எத்தனை போர்த்தினாலும் நிற்காது. அடியில் விரிக்க ஒரு பாய் கட்டாயம்.

கண்ணாடிப் பொருள் எதற்கும் அனுமதியில்லை. நிழற்பந்தல் வகைக் கூடாரமும் கூடாது.

6. புதன்கிழமை: கூடாரம் அடிப்பது

வாசல் காலை 8 மணிக்குத் திறக்கும். பெரிய மேடைகள் வெள்ளிக்கிழமைதானே, வியாழன் போனால் போதும் என்று நினைக்காதீர்கள். நல்ல இடங்கள் புதன் மதியத்துக்குள் போய்விடும்.

ஒருவர் சாமான்களோடு நிற்க, இன்னொருவர் வெறுங்கையோடு போய் இடம் பார்க்கட்டும். முதன்மை மேடையான பிரமிட் மேடைக்குப் பக்கத்தில் இருந்தால் போதும் என்று தோன்றும்; ஆனால் அங்கே விடிய விடியத் தூங்க முடியாது. குழந்தைகளோடு வருகிறவர்களுக்கு விக்கெட் கிரவுண்ட், காக்மில் மெடோ என்று தனி இடங்கள் உண்டு.

பள்ளத்தில் அடிக்காதீர்கள். 2005-ல் வெள்ளிக்கிழமை காலை பெய்த பெருமழையில் தாழ்வான இடத்தில் இருந்த கூடாரங்கள் தண்ணீரில் மூழ்கின. கழிப்பறை, நடைபாதை, வேலியோரம் மூன்றும் வேண்டாம். வேலியோரம் அமைதியாகத் தெரியும். இரவில் அங்கேதான் ஆட்கள் ஒதுங்குவார்கள்.

இடம் கிடைத்ததும் முதலில் தரையில் படுத்துப் பாருங்கள். கல், மேடு எல்லாம் முதுகுக்குத்தான் தெரியும். சரிவு இருந்தால் தலை மேட்டுப் பக்கம் வரவேண்டும். வாசலைக் காற்று அடிக்கும் பக்கம் வைக்காதீர்கள். முளையைக் கூடாரத்துக்கு வெளிப்பக்கமாகத் தலை சாய்த்து அடியுங்கள். அப்போதுதான் கயிறு இழுத்தாலும் பிடுங்கிக்கொண்டு வராது. அடியில் விரிக்கும் விரிப்பின் ஓரம் கூடாரத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், மழைநீர் அதன்மேல் விழுந்து நேரே உங்கள் படுக்கைக்கு அடியில் ஓடும். ஓரத்தை உள்ளே மடித்துவிடுங்கள். உள் துணியும் வெளித் துணியும் ஒன்றையொன்று தொடக் கூடாது. தொட்ட இடத்தில் ஈரம் இறங்கும். மழை பெய்யும்போது இதையெல்லாம் கற்றுக்கொள்ள முடியாது. வாங்கிய அன்றே ஒருமுறை விரித்து அடித்துப் பழகுங்கள்.

கடைசியாக, கூடாரத்தின் அருகே நின்று நான்கு பக்கமும் போனில் படம் எடுங்கள். இரவில் ஆயிரம் கூடாரம் ஒன்று போலவே இருக்கும். பாஸ்போர்ட்டைக் கூடாரத்தில் வைக்கவே கூடாது. விழாவில் இலவசப் பாதுகாப்பு அறைகள் உண்டு, அங்கே கொடுத்துவிடுங்கள்.

7. தண்ணீர், கழிப்பறை, சாப்பாடு

குடிநீர்க் குழாய்கள் எங்கும் உண்டு. 2019 முதல் அங்கே ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பாட்டில் தண்ணீர் விற்பதில்லை. பாட்டில் இல்லாமல் போனால் தவிப்பீர்கள்.

கழிப்பறை பெரும்பாலும் ஆழ்குழி வகை, தண்ணீர் வசதி இல்லை. கழுவிப் பழகியவர்கள் ஒரு சின்ன பாட்டிலில் நீர் எடுத்துப் போங்கள். விடியற்காலை 6 மணிக்குள் போனால் வரிசையும் இல்லை, சுத்தமாகவும் இருக்கும். குளிக்கும் வசதி மிகக் குறைவு. துண்டை நனைத்துத் துடைத்துக்கொள்வதுதான் நடைமுறை. வெளியிடத்தில் சிறுநீர் கழிக்காதீர்கள். திடல் வழியே ஒயிட்லேக் என்ற ஓடை ஓடுகிறது. நாம் விடுவது அதில்தான் போய்ச் சேரும். விழா முடிந்தபிறகு பசுக்கள் மேய வரும் நிலமும் இதுதான்.

சாப்பாட்டுக்குக் கவலையில்லை. சைவம் தாராளமாகக் கிடைக்கும். ஹரே கிருஷ்ணா கூடாரத்தில் இலவசமாகவே பரிமாறுகிறார்கள். காலைக்கு மட்டும் பிஸ்கட், கடலை, பேரீச்சம்பழம் கொண்டுபோனால் செலவு கணிசமாகக் குறையும்.

8. மேடைக்கும் மேடைக்கும் நடுவே

100-க்கும் மேற்பட்ட மேடைகள். பிரமிட் மேடையிலிருந்து பார்க் மேடைக்குக் கூட்டத்தில் நடக்க எனக்கு அரை மணி ஆனது. அடுத்தடுத்து இரண்டையும் பார்க்கலாம் என்று தாளில் போட்ட திட்டம் அங்கே நிற்காது. நாளைக்கு இரண்டே நிகழ்ச்சியை உறுதியாக வைத்துக்கொள்ளுங்கள். மிச்ச நேரத்தில் கால் போன பக்கம் போங்கள். பசுமை வெளிகளில் மர வேலை, கூடை பின்னுதல் செய்யும் பட்டறைகள், சின்ன மேடைகள் எல்லாம் அப்படித்தான் கண்ணில் படும்.

வியாழனன்று திடலை ஒருமுறை முழுக்கச் சுற்றி வாருங்கள். இருட்டில், கூட்டத்தில் வழி கற்றுக்கொள்வது கஷ்டம்.

கூட்டம் அதிகமானால் ஒரு மேடைப் பகுதியையே அடைத்துவிடுவார்கள். 2024-ல் வெஸ்ட் ஹோல்ட்ஸ் மேடையில் அப்படி நடந்தது. நிச்சயமாகப் பார்க்க வேண்டியதென்றால் அதற்கு முந்தைய நிகழ்ச்சியின்போதே போய் நின்றுவிடுங்கள். இரவு பெரிய நிகழ்ச்சிகள் முடிந்ததும் எல்லோரும் ஷாங்ரிலா, பிளாக் 9 இருக்கும் தென்கிழக்கு மூலைக்கு ஒரே நேரத்தில் கிளம்புவார்கள். வரிசையில் நிற்பதைவிட, போய்ச் சற்றுத் தூங்கி எழுந்து 3 மணிக்குப் போவது நல்லது. விடியும்வரை அங்கே இசை இருக்கும்.

கூட வந்தவர்கள் பிரிந்தால் போன் உதவாது. கூட்டத்தில் செய்தி ஒரு மணி நேரம் கழித்து வந்து சேரும். சந்திக்கும் இடத்தை முன்பே முடிவு செய்யுங்கள். "மேடைக்குப் பக்கத்தில்" என்று சொன்னால் அங்கே 50,000 பேர் இருப்பார்கள். "மேடையைப் பார்த்து நின்றால் வலது பக்கம் முதல் தண்ணீர்க் குழாய், ஒவ்வொரு மணியும் அடிக்கும்போது" என்று சொல்லுங்கள்.

9. சேறு

அந்த மண் களிமண். ஒரு மணி நேர மழை போதும். கம்பூட்ஸை ஈரக் காலுறையோடு போட்டால் இரண்டாவது நாளே கெண்டைக்காலில் உராய்ந்து புண்ணாகும். நீளக் காலுறை போட்டு, கூடாரத்துக்குள் நுழையும் முன் வாசலிலேயே பூட்ஸைக் கழற்றிக் கவிழ்த்து வையுங்கள். உலர்ந்த காலுறை ஒரு ஜோடியைத் தூங்குவதற்கென்றே ஒதுக்கி, பிளாஸ்டிக் பையில் கட்டி ஸ்லீப்பிங் பேக்குக்குள் போட்டுவிடுங்கள். எல்லாம் நனைந்த இரவில் அதன் அருமை தெரியும்.

10. திங்கட்கிழமை

ஊருக்குத் திரும்பும் விமானத்தைத் திங்கட்கிழமை வைக்காதீர்கள். வெளியேறும் வரிசை பல மணி நேரம் நிற்கலாம். புதன்கிழமை விமானம் என்றால் நிம்மதி. வரும்போதே ஒரு ஜோடி உடையைப் பையில் காற்றுப் புகாமல் கட்டி, திங்கள் வரை பிரிக்காமல் வையுங்கள். ரயிலில் பக்கத்தில் உட்காருகிறவருக்கும் அது நல்லது.

கூடாரத்தை விட்டுவிட்டு வராதீர்கள், யாரோ எடுத்துக்கொள்வார்கள் என்பது நடப்பதில்லை. அது குப்பைக்குத்தான் போகும். முளைகளை எண்ணிப் பிடுங்குங்கள். ஒன்று புல்லில் தங்கினாலும் மாட்டின் குளம்பில் ஏறும்.

ஈரத்தோடு மடித்த கூடாரம் மூன்று நாளில் பூஞ்சை பிடித்துவிடும். தங்கும் அறைக்குப் போனதும் குளியலறைக் கம்பியில் விரித்துக் காயப்போட்டு, கைக்கு ஈரம் படாதபோது மடியுங்கள். அடியிலும் முளைகளிலும் ஒட்டிய மண்ணைத் தேய்த்துக் கழுவிய பிறகு பெட்டியில் வையுங்கள். சில நாடுகளில் சுங்கத்தில் அதைத்தான் முதலில் பார்ப்பார்கள்.